வேதநாயக சாஸ்திரியார் பாடல்களில் சபையின் குரல்

தமிழ்க் கிறித்துவ இலக்கியம் பற்றிய திறனாய்வுகளுள் பெரும்பாலானவை, ஒரு நூலுள் எக்கோட்பாடு பொதிந்துள்ளது, எம்மரபு கையாளப்பட்டுள்ளது என்னும் இரு வினாக்களோடு நின்றுவிடுகின்றன. அந்நூலை யார் பாடினர், யார் கேட்டிருந்தனர் என்னும் வினா அரிதாகவே எழுகின்றது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை (1774–1864) மதிப்பிடுவதற்கு இவ்வினா இன்றியமையாதது.

அவரது பெத்லகேம் குறவஞ்சியை எடுத்துக்கொள்வோம். குறவஞ்சி தனித்திருந்து படிக்கும் நூலன்று. ஆடியும் பாடியும் நிகழ்த்துதற்குரியது. சீயோன் மகளாகிய தேவமோகினி இங்குத் தலைவியாகிறாள். குறி சொல்பவள் நற்செய்தி சொல்பவளாகிறாள். பறவை பிடிக்கும் தொழில் ஆன்மாக்களைத் திரட்டும் பணியாகிறது. இவற்றை உருவக நயமென்று பாராட்டிச் செல்வதே நம் வழக்கம். ஆனால் குறவஞ்சியில் செய்தி ஓரிடத்தில் நிற்பதில்லை; மலை கடந்து, தெருவில் நுழைந்து, கையைப் பிடித்துச் சொல்லப்படுகிறது. விசுவாசம் ஒப்புக்கொள்ளும் அறிக்கையாக மட்டும் அமையாது, செய்யும் வினையாகவும் அமையவேண்டும் என்பதை இவ்வடிவமே உணர்த்திவிடுகிறது. கீர்த்தனைகளும் அத்தகையனவே. பல்லவியை ஒருவர் எடுக்க, மற்றவர் வாங்கிப் பாடும்போது எழுத்தறியாதவரும் வழிபாட்டில் பங்காளர் ஆகிறார். ஐரோப்பிய மெட்டுக்குப் பொருத்திய ஞானப்பாட்டுகளில் தமிழ்ச் சொல்லின் குறில் நெடில் இடறுவதைப் பாடியோர் அறிவர். (வழிபாட்டில் மக்கள் முழுமையாகவும் செயலூக்கத்தோடும் பங்கேற்க வேண்டுமென இரண்டாம் வத்திக்கான் சங்கம் வலியுறுத்தியது 1963இல்தான்.)

இவ்வளவோடு நின்றால் புகழுரையாகிவிடும். தஞ்சைக்குப் புதிதாக வந்த மிஷனரிகளோடு ஏற்பட்ட பிணக்கில், 1829இல் சாஸ்திரியார் நான்கு கொடுமைகளை எடுத்துரைத்தார். வேத மொழிபெயர்ப்பைத் திருத்தியமை, சாதிகளை ஒன்றுசேருமாறு வற்புறுத்தியமை, மணத்திலும் விழாவிலும் மலர்களை விலக்கியமை, ஆலயத்தில் தமிழிசையைத் தடுத்தமை என்பன அவை. இவற்றை ஒரே தட்டில் நிறுத்தியமை ஏற்கத்தக்கதன்று. பாட்டையும் மலரையும் கோரியபோது அவர் சபையின் உரிமையைக் கோரினார். சாதிப் பிரிவைக் காக்க முனைந்தபோது அவ்வுரிமையைச் சபையின் ஒரு பகுதியினர்க்கு மறுத்தார். மிஷனரிகளோ சமமாக அமரச் சொல்லினர். அமர்ந்தவரைத் தம் குரலில் பாடவிடவில்லை.

சாஸ்திரியாரை வியந்தெழுதுவோர் இரண்டாவது கோரிக்கையை விட்டுவிடுகின்றனர். சாதி எதிர்ப்பின் வரலாற்றை எழுதுவோர் முதலாவதை மறந்துவிடுகின்றனர். இவ்விரு பக்கமும் ஒரே மனிதருடையவை என்பதே திறனாய்வாளர்க்குரிய சிக்கல்.

பின்னர் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் வெளியிட்ட பாடல் தொகுப்பில் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் பல இடம்பெற்றன. சாதி வேற்றுமையை எதிர்த்து நின்ற அந்த மிஷனே இவ்விசையை வழிபாட்டினுள் கொணர்ந்தது என்பது கருதத்தக்கது. பாட்டைச் சாதியிலிருந்து பிரித்தெடுக்க இயலும் என்பதை இந்நிகழ்வு காட்டிற்று. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளில் அவருடைய கீர்த்தனைகள் இன்றும் பாடப்பெறுகின்றன. அவற்றை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர், இராகத்தையும் உருவகத்தையும் விளக்கும் அந்நேரத்திலேயே 1829ஆம் ஆண்டின் முறையீட்டையும் மாணவர் முன் வைக்கலாம்.