யார் போட்ட டிக்கெட்?

'வட்டாரப் பாதுகாப்பு ஒத்துழைப்பு' என்கிற சொல்லாடல் டெல்லி, கொழும்புக் கருத்தரங்க அறைகளில் மட்டும் புழங்குவதாகத் தோன்றலாம். அனகாபுத்தூர்க்காரர்களுக்கு அது பக்கத்து ஊர்ச் சமாச்சாரம். 2012 ஜூலையில், தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேர் பயிற்சி பெறுவது வெளியே தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. முதலமைச்சர் ஜெயலலிதா கண்டித்தார். மத்திய அரசு அவர்களை ஊருக்கு அனுப்பவில்லை, பெங்களூர் எலஹங்காவுக்கு மாற்றியது. முள்ளிவாய்க்கால் முடிந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ஒத்துழைப்பு நம் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு நகர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

எதைக் கண்ணில் காட்டுவது, எதை நகர்த்தி வைப்பது என்கிற இதே வேலையைத்தான் பத்திரிகையாளர்களுக்கான 'ஆய்வுப் பயணங்கள்' வேறு வழியில் செய்கின்றன. அமெரிக்க வெளியுறவுத் துறை நடத்துகிறது, நேட்டோ நடத்துகிறது, நம் பக்கத்து அரசுகளும் நடத்துகின்றன. விமான டிக்கெட், ஓட்டல் அறை, தினப்படி. அப்புறம் அதிகாரி ஒருவரின் வரைபட விளக்கம், துறைமுகத்தில் ஒரு சுற்று, ராத்திரி விருந்து. இப்படி எழுது என்று யாரும் சொல்வதில்லை. சொல்லவும் வேண்டாம். திரும்பி வருகிறவரின் பேச்சில் 'கடல்வழி அச்சுறுத்தல்', 'திறன் மேம்பாடு' என்று அரசுகளின் சொற்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அந்த மொழியில் மீனவனுக்கு வினைச்சொல்லே கிடையாது. அவன் 'பிரச்சினை' மட்டும்தான்.

இதன் கொடூர வடிவத்தை 2009இல் பார்த்தோம். 2008 செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகளை வன்னியைவிட்டு வெளியேறச் சொன்ன அரசு, சுயேச்சையான செய்தியாளர்களுக்கு வழியை அடைத்த அரசு, தான் பிடித்த கிளிநொச்சியைத் தானே ஆள் கூட்டிப்போய்க் காட்டியது. போனவர்கள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லாதிருக்கலாம். இடிந்த கட்டிடம் இடிந்த கட்டிடம்தானே. ஆனால் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் சொன்னதே, அது அந்த வண்டியின் ஜன்னலிலிருந்து தெரிந்திருக்காது.

இதில் ஒரு வேடிக்கை. கம்பெனி செலவில் போய் எழுதினால், பயணமும் உபசாரமும் யாருடையது என்று கட்டுரையிலேயே சொல்லியாக வேண்டும் என்கிறது இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் நெறிமுறை. அது நிதிச் செய்தியாளர்களுக்கான பகுதியில் இருக்கிறது. பங்கு விலை விஷயத்தில் வாசகன் ஏமாறக் கூடாதாம். போர் விஷயத்தில் அந்தக் கவலை அவ்வளவாக இல்லை போலும்.

நம் சிற்றிதழ் உலகமும் இதற்கு வெளியே இல்லை. கலாச்சார சுதந்திரத்திற்கான காங்கிரஸ் சி.ஐ.ஏ. பணத்தில் நடந்தது 1966-67இல் அம்பலமானது. லண்டன் 'என்கவுன்டர்' அந்த அமைப்பின் பிள்ளை. பம்பாய் 'குவெஸ்ட்'டும் அதே குடும்பம்தான். அவற்றில் எழுதியவர்கள் எல்லாம் கூலிகள் என்றால் அது அபத்தம். நல்ல கவிஞர்கள் எழுதினார்கள். பணம் கொடுத்தவனுக்கும் அந்த நல்ல கவிஞர்கள்தான் தேவைப்பட்டார்கள். என்.ஜி.ஓ. செலவில் மூணு நாள் பட்டறைக்குப் போய்வரும் நம் தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்படியானால் போகவே கூடாதா? போகலாம். யார் செலவு என்று முதல் பத்தியிலேயே எழுத வேண்டும். ஆனால் அந்த ஒரு வரியோடு விஷயம் தீராது. யாழ்ப்பாணத்துக்குச் சொந்தச் செலவில் நிருபரை அனுப்பிய தமிழ்ப் பத்திரிகைகள் எத்தனை? அனுப்பாத இடத்தில்தான் அழைப்பிதழ் வந்து உட்காருகிறது.

2011இல் இந்தியா, இலங்கை, மாலத்தீவு முத்தரப்பாகத் தொடங்கிய பேச்சு, 2024 ஆகஸ்டில் கொழும்புப் பாதுகாப்பு மாநாட்டின் சாசனமாகக் கையெழுத்தானது. அதே வருஷம் இலங்கைக் கடற்படை பிடித்த இந்திய மீனவர்கள் 500க்கும் மேல், பெரும்பாலும் தமிழகத்தவர். நம் இழுவைமடி விசைப்படகுகளிடம் வலையைப் பறிகொடுக்கும் வடபகுதித் தமிழ் மீனவர்கள் இன்னொரு பக்கம். பத்து சிற்றிதழ்கள் சேர்ந்து சந்தாக் காசில் ஒருத்தரை அனுப்பிப் பார்க்கலாம். ராமேசுவரத்தில் படகை இழந்தவரிடம் கேட்டுவிட்டு, அக்கரையில் குருநகருக்குப் போய், வலை அறுபட்டவரிடமும் கேட்டு வரட்டும்.