தீன் கன்யா: நடுவில் உள்ள பேய்க்கதை

தீன் கன்யா (மூன்று பெண்கள்) 1961இல் தாகூரின் நூற்றாண்டையொட்டி சத்யஜித் ராய் இயக்கிய வங்காளத் திரைப்படம். தாகூரின் மூன்று சிறுகதைகளைக் கொண்டது. ராய் முதன்முதலாக இசையமைத்த படமும் இதுவே. முதல் கதையான 'போஸ்ட் மாஸ்டர்', மூன்றாவதான 'சமாப்தி' இரண்டும் பெரிதும் பாராட்டப்பட்டவை. நடுவில் உள்ள 'மணிஹாரா' பேய்க்கதை. வெளிநாடுகளில் முதலில் இதை விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் 'டூ டாட்டர்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். ஜப்பானியப் பேய்க்கதைத் தொகுப்பான 'குவைதான்' (1964) அமெரிக்காவுக்குப் போனபோதும் அதன் நான்கு கதைகளில் பனிப்பெண் கதை வெட்டப்பட்டது. தொகுப்புப் படங்களுக்கு இது வழக்கமான விதி போலும்.

கதை எளியது. பணிபூஷணின் மனைவி மணிமாலிகாவுக்கு நகைகள்தான் உயிர். வணிகம் நொடிந்து கணவன் பணம் திரட்ட வெளியூர் போகிறான். நகைகளைக் கேட்டுவிடுவானோ என்று அஞ்சிய அவள், உறவினன் ஒருவன் துணையோடு அவற்றை எடுத்துக்கொண்டு புறப்படுகிறாள். பிறகு அவளைக் காணவில்லை. ஓர் இரவு நகைகளின் ஒலி வீட்டுக்குள் வருகிறது.

தமிழ்ப் படம் பார்ப்பவர்களுக்குக் கொலுசுச் சத்தம் புதிதல்ல. கேட்டுக் கேட்டுச் சிரிப்பே வந்துவிட்டது. இங்கே அந்த ஒலிக்குப் பொருள் இருக்கிறது. எதைப் பிரிய மாட்டேன் என்றாளோ, அதுவே அவள் வருகையை அறிவிக்கிறது. தாகூர் நகையணிந்த எலும்புக்கூட்டை முழுமையாகக் காட்டுகிறார். ராய் நிழலையும் ஒலியையும் வைத்தே நெடுநேரம் நம்மைக் காக்கவைத்துவிட்டு, வளையல் அணிந்த எலும்புக் கை நகைப்பெட்டியின் மேல் பாய்வதைக் காட்டுகிறார். காளி பானர்ஜியும் கனிகா மஜும்தாரும் அளவோடு நடித்திருக்கிறார்கள். இதுவரை ராய் பக்கமே என் வாக்கு.

முடிவில்தான் எனக்குக் குறை. இந்தக் கதையை ஆற்றங்கரைப் படித்துறையில் ஓர் அந்நியரிடம் சொல்பவர் பள்ளிக்கூட வாத்தியார். தாகூரின் வாத்தியாருக்குப் பெண்களைப் பற்றித் தெரியாததே இல்லை. புளித்த மாங்காயும் காரமான மிளகாயும் கண்டிப்பான கணவனும்தான் அவர்களுக்குப் பிடிக்கும் என்று அடித்துப் பேசுகிறார். பணிபூஷண் மென்மையானவனாக இருந்ததே தவறு என்பது அவர் தீர்ப்பு. கேட்டு முடித்த அந்நியர், தன் பெயர்தான் பணிபூஷண் என்கிறார். மனைவியின் பெயரோ வேறு. அந்த ஒரு சொல்லில் வாத்தியாரின் பெண்ணறிவு முழுவதும் சரிந்துவிடுகிறது.

படத்தில் கேட்டவரே ஆவியாகி மறைகிறார். வாத்தியார் பயந்து ஓடுகிறார். அந்த அதிர்ச்சியில், அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்ற கேள்வி அமுங்கிப்போகிறது. விளைவு, 'நகைப் பேராசை பிடித்த பெண்' என்ற சித்திரம் கேள்வியின்றி நம் மனத்தில் தங்கிவிடுகிறது. தாகூர் அதை நம்பச் சொல்லவில்லை.

வகுப்பில் கதை சொல்லியே காலம் கழித்தவன் நான். பேய் வந்து நின்றால்கூடச் சமாளிக்கலாம். பாதிக் கதையில் பின்வரிசைப் பையன் எழுந்து "அப்படி இல்லீங்க ஐயா" என்றால்தான் நாக்கு உலரும். தாகூர் தம் வாத்தியாருக்குக் கொடுத்தது அந்தப் பயத்தைத்தான்.