முடிவுறாக் கதைக்குத் திறனாய்வு: அமெரிக்கப் படக்கதை இரசிகர்களின் வாராந்தரக் கருத்துரைகள்

திறனாய்வு என்றதும் முற்றுப்பெற்ற ஒரு படைப்பையே நாம் மனத்தில் கொள்கிறோம். காப்பியமாயினும் நாவலாயினும் தொடக்கமும் முடிவும் கண்ட பின்னரே அதன் கட்டமைப்பையும் பாத்திர வார்ப்பையும் மதிப்பிட முனைகிறோம். நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களும் பள்ளி இலக்கியத் தேர்வுகளும் இந்த எண்ணத்தின் மீதே அமைந்துள்ளன. கதை நடந்துகொண்டிருக்கும்போதே, அடுத்து என்ன நேரும் என்பதை எழுதுகின்றவரே இன்னும் முடிவு செய்யாத நிலையில், அதன் ஒரு பகுதியை மட்டும் படித்துவிட்டு வாசகர் கூறும் கருத்து திறனாய்வாகுமா? இவ்வினாவை எழுப்ப அமெரிக்கப் படக்கதை இதழ்களின் வாசகர் மரபைவிடப் பொருத்தமான களம் வேறில்லை எனலாம்.

அமெரிக்காவில் காமிக்ஸ் எனப்படும் படக்கதை இதழ்களுக்கென்றே தனிக் கடைகள் உள்ளன. அங்குப் புதிய இதழ்கள் வாரந்தோறும் புதன்கிழமையன்று விற்பனைக்கு வருவது நீண்டகால வழக்கம். (டிசி நிறுவனம் 2020இல் தன் வெளியீட்டு நாளைச் செவ்வாய்க்கு மாற்றியது; 2024இல் மீண்டும் புதனுக்கே திரும்பியது.) ஓர் இதழில் கதைக்கு ஒதுக்கப்படுவன ஏறத்தாழ 20 முதல் 22 பக்கங்களே, கால்மணி நேரத்தில் படித்துவிடலாம். பெரும்பாலும் கதை அதில் முடிவதில்லை. அவ்வார இதழ்களை வாங்கிய இரசிகர்கள் கடையிலேயே நின்று எது சிறந்தது, எது ஏமாற்றியது, எந்த ஓவியர் மாறியதால் எந்தப் பாத்திரத்தின் முகம் கெட்டது என்று பேசத் தொடங்குகிறார்கள். இப்பேச்சின் முன்னோடி இதழ்களின் இறுதியில் இடம்பெற்ற வாசகர் கடிதப் பக்கமாகும்.

இக்கடிதப் பக்கங்களின் வரலாற்றில் ஒரு சிறு செயல் பெரும் விளைவை ஏற்படுத்தியது. டிசி நிறுவனத்தின் ஆசிரியர் ஜூலியஸ் சுவார்ட்ஸ் 1960களின் தொடக்கத்தில் கடிதம் எழுதியோரின் முழு முகவரியையும் அச்சிட்டார். சுவார்ட்ஸ் தாமே அறிவியல் புனைகதை இரசிகராக இருந்து வந்தவர். 1932இல் ‘தி டைம் டிராவலர்’ என்னும் இரசிகர் இதழை நண்பர்களுடன் நடத்தியவர். முகவரி அச்சானதும் வாசகர்கள் ஆசிரியரை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினர். ‘ஆல்ட்டர் ஈகோ’ என்ற இரசிகர் இதழ் 1961இல் இவ்வாறுதான் பிறந்தது. அதனைத் தொடங்கிய ஜெரி பெயில்ஸ் டெட்ராய்ட் நகரின் வேன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆசிரியர். அவருக்குத் துணைநின்ற ராய் தாமஸ் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். வேடிக்கைப் பொழுதுபோக்கு என்று கருதப்படும் ஒன்றின் தொடக்கத்தில் இரண்டு ஆசிரியர்கள் நிற்பது நம் துறையினர் கவனிக்கத்தக்கது. தாமஸ் 1965இல் மார்வெல் நிறுவனத்தில் சேர்ந்து, 1972இல் ஸ்டான் லீக்குப் பின் அதன் தலைமை ஆசிரியரானார். கடிதம் எழுதியவரே கடிதங்களுக்கு விடை எழுதுபவராக மாறினார்.

உம்பர்ட்டோ ஈக்கோ 1962இல் எழுதிய சூப்பர்மேன் பற்றிய கட்டுரையில், இத்தகைய நாயகன் காலத்தால் தேயாதவன், ஒவ்வொரு கதையும் முந்தைய கதையின் நினைவின்றிப் புதிதாகத் தொடங்குகிறது என்ற கருத்தை முன்வைத்தார். அவர் கண்ட கதைகளுக்கு அது பொருந்தும். எனினும் அதே ஆண்டுகளில் கடிதப் பக்கங்களில் நேர்மாறான ஒன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. சென்ற ஆண்டு இவ்வாறு கூறினீர்களே, இப்பொழுது வேறாகக் கூறுவதேன் என்று வாசகர் கேட்டனர். எழுதுபவர் மறந்ததை அவர்கள் நினைவில் வைத்திருந்தனர். பிற்காலத்தில் இவ்வகைக் கதைகளின் அடிப்படைப் பண்பாகக் கருதப்படும் தொடர்ச்சி என்பது ஆசிரியரால் மட்டும் படைக்கப்பட்டதன்று. வாசகரின் நினைவாற்றலும் அதனை வற்புறுத்திப் பெற்றது என்பதே என் கருத்து. ஈக்கோ கதையைப் படித்தார். கடிதப் பக்கத்தைப் படித்தவராகத் தெரியவில்லை.

வழுவும் அமைதியும்

மார்வெல் இதழ்களில் ஸ்டான் லீ அறிமுகப்படுத்திய ‘நோ-பிரைஸ்’ என்னும் ‘பரிசில்லாப் பரிசு’ இங்குத் தனியே நோக்கத்தக்கது. வெற்றி பெற்றவருக்கு ஓர் அஞ்சலுறை வரும். உறையின் மேல் பரிசு உள்ளே இருப்பதாக அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே ஒன்றும் இராது. நாளடைவில் இதனைப் பெறுவதற்கு ஒரு சுவையான விதி ஏற்பட்டது. கதையில் பிழை ஒன்றைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அது ஏன் பிழையன்று என்பதையும் வாசகரே விளக்க வேண்டும்.

தமிழிலக்கணம் கற்பிப்போருக்கு இது புதிதன்று. சொல்லதிகார உரையாசிரியர்கள் வழுக்காத்தலை இருவகையாகக் கொள்வர். வழு நேராமற் காத்தல் ஒன்று. நேர்ந்த வழுவுக்கு அமைதி கூறிக் காத்தல் மற்றொன்று. பசுவை ‘அம்மை வந்தாள்’ என்று உயர்திணையாற் கூறுவதை உவகை பற்றி அமைத்துக்கொள்வது நம் மாணவரும் அறிந்த எடுத்துக்காட்டு. படக்கதை இரசிகர் செய்வதும் இதுவே. இரண்டு மரபுக்கும் அடிப்படையில் ஒரே நம்பிக்கை உண்டு: நூல் மதிக்கத்தக்கது, ஆகவே அதன் முரண்பாட்டிற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். உரையாசிரியரின் கல்வியையும் பதின்வயதுச் சிறுவனின் ஆர்வத்தையும் ஒன்றாக வைப்பது என் நோக்கமன்று. வாசிப்பின் இயக்கம் இரண்டிடத்தும் ஒன்று என்பதே கூற வருவது.

இதற்கு ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 121ஆம் இதழ் (1973) சிறந்த சான்று. ஜெரி கான்வே எழுதி கில் கேன் வரைந்த இக்கதையில் நாயகனின் காதலி குவென் ஸ்டேசி பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளப்படுகிறாள். நாயகன் வலையிழையை வீசி அவளைப் பற்றிவிடுகிறான். ஆயினும் அவள் இறந்துவிடுகிறாள். பாலத்தின் பெயரிலேயே வழு உண்டு. எழுத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்றிருக்க, ஓவியத்தில் காண்பது புரூக்ளின் பாலம். ஆனால் வாசகரை உறுத்தியது அதுவன்று. வலையிழை அவளைப் பற்றிய கட்டத்தில், கழுத்தருகே, முறிவொலியைக் குறிக்கும் ஒரு சிறு சொல் அச்சாகியிருந்தது. வில்லன் கிரீன் காப்ளினோ விழுந்த அதிர்ச்சியே உயிரைப் பறித்தது என்கிறான். அப்படியாயின் அவளைக் கொன்றவர் யார்? வில்லனா, காப்பாற்ற முனைந்தவனா?

கதைக்குள் இதற்குத் தெளிவான விடை இல்லை. விடை 125ஆம் இதழின் கடிதப் பக்கத்தில் வந்தது. விழுந்துகொண்டிருந்தவளைத் திடீரென நிறுத்தியதால் கழுத்து முறிந்தது என ஆசிரியர் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. நாயகனின் வாழ்நாட் குற்றவுணர்வுக்கு அடித்தளமான பொருள்கோள், கதைக்கு வெளியே, வாசகரின் வினாவுக்கு விடையாக நிலைநாட்டப்பட்டது. இயற்பியலாளர் ஜேம்ஸ் காகாலியோஸ் 2005இல் வெளியிட்ட நூலில் உந்தம், நேரம் ஆகியவற்றைக் கொண்டு இக்காட்சியைக் கணக்கிட்டு, கழுத்து முறிவே பொருந்தும் எனக் காட்டுகிறார். ஒலிக்குறிப்புச் சொல் ஒன்றுக்கு முப்பதாண்டுகளுக்கும் மேலாக உரை வளர்ந்திருக்கிறது.

72 வாக்குகள்

எனினும் வாசகரின் கருத்தைக் கேட்பதெல்லாம் திறனாய்வை வளர்க்கும் என்று கொள்வதற்கில்லை. பேட்மேனின் துணைவனான இராபின் வேடத்தை 1983இல் அறிமுகமான ஜேசன் டாட் என்னும் சிறுவன் ஏற்றிருந்தான். 1987இல் அவனுடைய பின்னணி மாற்றி எழுதப்பட்டது. முரட்டுக் குணமுடைய புதிய ஜேசனை வாசகரில் பலர் விரும்பவில்லை. 1988இல் ஜிம் ஸ்டார்லின் எழுதி ஜிம் அபாரோ வரைந்த தொடரில், 427ஆம் இதழ் ஜேசன் வெடிவிபத்தில் சிக்குவதோடு நின்றது. அவன் பிழைக்க ஓர் எண், இறக்க ஓர் எண் என இரண்டு தொலைபேசி எண்களை ஆசிரியர் டென்னிஸ் ஓநீல் அச்சிட்டார். ஓர் அழைப்புக்கு 50 சென்ட். கால அளவு 36 மணி நேரம். இறக்கட்டும் என்றவை 5,343. பிழைக்கட்டும் என்றவை 5,271. வேறுபாடு 72. ஒருவரே பலமுறை அழைக்கத் தடையில்லாததால் இவை 10,614 மனிதரின் கருத்து என்றுகூடச் சொல்ல இயலாது.

முடிவின் கொடுமையைக் காட்டிலும் கேட்கப்பட்ட முறையே இங்கு ஆராயத்தக்கது. ஜேசனை வெறுத்துக் கடிதம் எழுதிய வாசகர் அவ்வெறுப்பிற்குக் காரணம் கூற வேண்டியிருந்தது. அச்சிறுவனின் சொற்கள் பாத்திரத்தோடு ஒட்டவில்லை என்றோ, முன்னிருந்தவனின் நிழலாகவே நிற்கிறான் என்றோ அவர் ஏதேனும் ஒன்றை நிறுவியாக வேண்டும். அக்காரணத்தை ஏற்று எழுதுபவர் பாத்திரத்தைத் திருத்தியிருக்கவும் கூடும். தொலைபேசி எண்ணுக்குக் காரணம் தேவையில்லை. கருத்து என்பது காரணத்திலிருந்து பிரிந்து எண்ணிக்கையாக மட்டும் எஞ்சியபோது, எழுதுபவர் அதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லாமற்போனது. ஜேசன் 2005இல் உயிரோடு திரும்பக் கொண்டுவரப்பட்டான். அவன் பிழைப்பதாக அமைந்த மாற்று வடிவம் 2023இல் தனி இதழாகவே விற்பனைக்கு வந்தது. எண்ணிக்கையால் வந்த மரணத்தை விற்பனை எளிதாகவே மீட்டுக்கொண்டது.

கேரி குரோத்தை ஆசிரியராகக் கொண்டு 1976இல் தொடங்கப்பட்ட ‘தி காமிக்ஸ் ஜர்னல்’, இரசிகரின் பற்றே படக்கதை கலையாக வளர்வதற்குத் தடை என்னும் கடுமையான நிலைப்பாட்டை மேற்கொண்டது. நிகழ்ச்சி 1988இல் நடந்ததைக் காணும்போது அதில் உண்மை இல்லை என்று சொல்ல முடியாது. மறுமுனையில், ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் வெளியிட்ட நூலைப் பின்பற்றும் பண்பாட்டு ஆய்வாளர்கள் இரசிகரின் ஒவ்வொரு சொல்லையும் படைப்புச் செயலாகக் கொண்டாடுகின்றனர். இரு சாராரும் வாசகரின் மனநிலையை அளக்கின்றனரேயன்றி, அவர் கூறும் காரணத்தின் தரத்தை அளப்பதில்லை. இந்த இரசிகப் பண்பாட்டைப் பற்றி 1999இல் நூல் எழுதிய மேத்யூ பஸ்ட்ஸ் கடிதப் பக்கங்களுக்கு உரிய இடம் அளிக்கிறார் என்பதைக் கூறியாக வேண்டும். எனினும் வாசகரிடையே உருவான உறவே அவருக்கு முதன்மை. அவர்கள் முன்வைத்த வாதங்கள் அடுத்ததாகவே வருகின்றன.

காலத்தாழ்வின் பயன்

வாராந்தரக் கருத்துக்கு விற்பனை முறையோடும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஃபில் சியூலிங் என்பவர் பதிப்பகங்களிடமிருந்து நேரடியாகக் கழிவு விலையில் இதழ்களைப் பெறும் முறையைத் தொடங்கினார். இதன்படி விற்காத இதழ்களைத் திருப்பித்தர இயலாது, இழப்பு கடைக்காரருடையது. இதழ் வெளிவருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே எண்ணிக்கையைக் கூறிவிட வேண்டும் என்பதால், முதல் இதழைப் பற்றிய வாசகர் பேச்சு காதில் விழுமுன் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் கடைக்காரர் கட்டளை கொடுத்திருப்பார். வாடிக்கையாளர் பெயரில் இதழ்களை எடுத்துவைக்கும் பட்டியலே அவருக்கு இருந்த பெரிய பாதுகாப்பு. ஒருவர், இனி இத்தொடர் வேண்டா என்று பட்டியலிலிருந்து நீக்கச் சொல்வது அவர் கூறும் மிகக் கடுமையான விமரிசனம்.

கடிதங்களிலும் இத்தகைய காலத்தாழ்வு இருந்தது. 121இல் எழுந்த வினாவுக்கு 125இல் விடை வந்ததைக் கண்டோம். இந்த இடைவெளியில் வாசகர் முதற்சினம் தணிந்து, மறுமுறை படித்து, சொற்களைத் தேர்ந்தெடுத்து எழுதினார். ஆசிரியர் நூற்றுக்கணக்கானவற்றுள் சிலவற்றைத் தெரிவு செய்தார். அத்தெரிவில் ஒருதலைச் சார்பு இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. தன் இதழை நூறு முறை வைதவரை எந்த ஆசிரியரும் நூறு முறை அச்சிடமாட்டார். ஆயினும் விடை கூறும் கடமை ஒருவருக்கு இருந்தது. டிசி நிறுவனம் 2002இல் கடிதப் பக்கங்களை நிறுத்திவிட்டது. இன்று புதன்கிழமை மாலைக்குள் தீர்ப்புகள் குவிந்துவிடுகின்றன. பொறுப்புடன் விடை கூறும் இடம்தான் அருகிவிட்டது. 2012இல் தொடங்கிய ‘சாகா’ என்னும் தொடர் அஞ்சலில் வரும் கடிதங்களை மட்டுமே தன் கடிதப் பக்கத்திற்கு ஏற்றது. இதனைப் பழமைப் பற்று என்று சிலர் நகைப்பர். எனக்கு அது திறனாய்வுக்கு வேண்டிய இடைவெளியை மீட்கும் முயற்சியாகவே படுகிறது.

வோல்ஃப்கேங் ஈசர், பத்தொன்பதாம் நூற்றாண்டு வாசகர் ஒரே நாவலை நூல் வடிவிற் படிப்பதைவிடத் தொடராகப் படிப்பதையே மேலாகக் கருதினர் என்று குறிப்பிட்டு, இடையீடு வாசகரின் கற்பனைக்கு வேலை தருவதே காரணம் என்பார். அவ்விடையீட்டில் வாசகர் உண்மையில் என்ன எண்ணினர் என்பதற்கு ஈசரிடம் சான்று குறைவு. படக்கதைக் கடிதப் பக்கங்கள் அச்சான்றைத் திங்கள்தோறும் தேதியிட்டு வைத்திருக்கின்றன. ஆயினும் பழைய இதழ்களைத் தொகுத்து நூலாக வெளியிடும்போது கடிதப் பக்கங்களையும் விளம்பரங்களையும் நீக்கிவிடுவதே பெருவழக்கு. குவென் ஸ்டேசியின் கதையை இன்று தொகுப்பில் படிக்கும் மாணவர் முறிவொலியைக் காண்பார். கடிதப் பக்க விடையைக் காணார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக நூலகம் போன்ற, மூல இதழ்களைப் பேணும் இடங்களுக்குச் சென்றாலன்றி அது கிட்டுவதரிது.

தமிழிலும் இதற்கு ஓர் இணை உண்டு. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, பாத்திரங்கள் பின்னர் என்னவாயினர் என்று வாசகர் கேட்டவற்றுக்குக் கல்கி முடிவுரையில் விடையளித்தார். அம்முடிவுரை நூலோடு சேர்ந்து இன்றும் அச்சாகி வருகிறது. மூன்றரை ஆண்டுகளாக வாரந்தோறும் அத்தொடரைப் படித்து எழுதிய வாசகர்களின் கடிதங்கள் நூலில் இல்லை. விடையை வகுப்பில் கற்பிக்கிறோம். வினாக்களைப் பழைய இதழ்க் கட்டுகளில்தான் தேட வேண்டியிருக்கிறது.