நிரலின் ஓசையும் கூத்தின் தாளக்கட்டும்

முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்து ஆடப்படுங்கால், அண்ணாவியார் வாயாற் சொல்லும் தாளக்கட்டு மத்தளத்திலும் ஆடுவோர் காலிலும் ஒருங்கே ஒலிக்கும். அச்சொற்கள் பொருளற்றன போலத் தோன்றினும், மத்தளகாரனுக்கும் ஆடுவோனுக்கும் அவை தெளிவான கட்டளைகளே. கணினி நிரலை ஒலியாக மாற்றும் விளையாட்டுக் கருவிகளை மதிப்பிட இதனினும் ஏற்றதோர் அளவுகோல் வன்னியிற் கிடைத்தல் அரிது.

நிரலைக் காதாற் கேட்டல் புதிதன்று. அவுஸ்திரேலியாவிலே 1949இல் இயங்கத் தொடங்கிய சிசிராக் கணினியில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. நிரல் எந்த இடத்தை எட்டியுள்ளது என்பதை இயக்குவோர் அதன் ஓசையால் அறிந்தனர். 1951இல் அதே ஒலிபெருக்கி சிட்னியில் மெட்டும் இசைத்தது.

பின்வந்த விளையாட்டுக் கருவிகளுட் சில இவ்வுறவை மறந்துவிட்டன. அவை நிரலின் எழுத்துகளை வரிசையாக எடுத்து, எழுத்துக்கொரு சுரமாகப் பொருத்துகின்றன. மாறியொன்றின் பெயரை மாற்றினாற் பாட்டு மாறும். நிரலின் வேலையோ மாறாது. பிழையுள்ள நிரலும் பிழையற்றதும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும். கேட்கச் சுவையானவையும் அவற்றுள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது வெறும் அலங்காரமே.

போல் விக்கர்ஸ் 1990களில் இங்கிலாந்தில் உருவாக்கிய கெய்ற்லின் வேறு வழியிற் சென்றது. பாஸ்கல் மொழியின் தெரிவுக்கும் மீள்செயலுக்கும் அது தனித்தனி இசைக்கூறுகளை அமைத்தது. முடிவின்றிச் சுழலும் நிரல் அங்கே முடியாத பல்லவியாகித் தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும். 2011இல் பின்லாந்தின் வில்லே-மத்தியாஸ் ஹெய்க்கிலா பரப்பிய பைற்பீற் இன்னும் சிக்கனமானது. ஒரு வரிச் சூத்திரத்தை வினாடிக்கு 8,000 தடவை கணிக்க வரும் விடைகளே அதன் ஒலி. ஆயின் அது ஒலிக்கென்றே எழுதப்படும் நிரல். பிற நிரல்களைப் பற்றி எதுவும் உணர்த்தாது.

கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும் கணினிக் கல்வி நடைபெறுகின்றது. அதே மண்ணிற் போரினாற் கண்ணொளி இழந்தோரும் வாழ்கின்றனர். அவர்களுக்குத் திரைவாசிப்பான் நிரலை வரிவரியாக வாசித்துக் காட்டும். எனினும் எந்த வரி எந்த மீள்செயலுக்குள் அடங்கியது என்பதைக் கண்ணுடையோர் ஓரத்து இடைவெளியால் ஒரே நோக்கில் அறிவதுபோல அவர்கள் அறிதல் எளிதன்று. அடுக்கு ஆழமாகுந்தோறும் சுருதி இறங்கும் ஒரு சிற்றொலி அவ்விடைவெளியின் வேலையைச் செய்யவல்லது. எழுத்துக்கொரு சுரம் பாடும் கருவி அதனைச் செய்யாது.