குக்கர் அளவில் ஒரு கணினி

நம் ஊரில் மேசைக்கடியில் நிற்கும் பெட்டிக்கு ‘சிபியு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. உண்மையான சிபியு அதற்குள் பிஸ்கட் அளவில் எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். கடைக்காரர்கள் சரியாகச் சொல்வார்கள்: கேபினெட். ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கும், இருபதாயிரத்துக்கும் கிடைக்கும். வெறும் தகரப் பெட்டிக்கு இருபதாயிரமா என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதிலும் முழு நீள கிராபிக்ஸ் கார்டு போன்ற பெரிய சாமான்களைக் கைப்பெட்டி அளவு இடத்தில் குடிவைக்கும் சின்னக் கேபினெட்டுகளைப் பற்றி.

இவற்றின் ரசிகர்கள் அளவை லிட்டரில் சொல்வார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். சாதாரண டவர் கேபினெட் 45 லிட்டர் வரும், அதாவது வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் இரண்டுக்கும் மேல். கூலர் மாஸ்டர் 2020இல் கொண்டுவந்த என்ஆர்200 18.25 லிட்டர், ஒரு கேனுக்குள் அடங்கிவிடும். டேனியல் ஹேன்சன் என்ற ஜெர்மானியர் வடிவமைத்து, 2016இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி, தைவானின் லியான் லி நிறுவனத்தில் செய்வித்த டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸ் வெறும் 7.2 லிட்டர். விருந்தாளி வந்தால் பரணிலிருந்து இறக்குவோமே, அந்த ஏழரை லிட்டர் குக்கரைவிடச் சிறியது. அதற்குள் 295 மி.மீ. நீள கிராபிக்ஸ் கார்டு போகும்.

முதன்முதலாகப் பார்ப்பவர் “அடேங்கப்பா, இவ்வளவு சின்னதா!” என்பார். அந்த வியப்பு ஒரு வாரம் தாங்கும். அதற்குப் பிறகும் ஒரு பெட்டி பிடித்திருக்க வேண்டுமென்றால், உள்ளே சாமான்கள் எங்கே இருக்கின்றன என்பதை விட்டுவிட்டு, எங்கே எதுவும் இல்லை என்று பார்க்கப் பழக வேண்டும். சாமான்களின் அளவு கம்பெனிக்காரன் தீர்மானித்தது, அதைக் குறைக்க யாராலும் முடியாது. கேபினெட் வடிவமைப்பவர் கையில் இருப்பது மிச்சமுள்ள காலி இடம் மட்டும். அதை அவர் எப்படிச் செலவழித்தார் என்பதுதான் அவருடைய கைவண்ணம்.

ஒரு சின்னக் கணக்கு. மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு 17 செ.மீ. சதுரம், வியா நிறுவனம் 2001இல் வகுத்த அளவு. மேலே குட்டையான கூலரையும் சேர்த்தால் ஏறக்குறைய 1.7 லிட்டர். இரண்டு ஸ்லாட் தடிமனுள்ள கிராபிக்ஸ் கார்டு ஒன்றரை லிட்டர். சாமான்களுக்கு மின்சாரம் கொடுக்கும், நம் எல்லோர் வீட்டிலும் இருக்கும் ஏடிஎக்ஸ் வகை எஸ்எம்பிஎஸ் 150, 140, 86 மி.மீ., ஆக 1.8 லிட்டர். அதன் தம்பியான எஸ்எஃப்எக்ஸ் வகை 0.8 லிட்டர்தான். தம்பியை வைத்துக் கூட்டினால் நான்கு லிட்டர். டான் பெட்டியில் மிச்சம் மூன்று லிட்டர் சொச்சம். அதற்குள்தான் தகடு, கேபிள், காற்று எல்லாம். அண்ணனை வைக்க வேண்டுமென்றால் அந்த மிச்சத்தில் ஒரு லிட்டர் அப்படியே போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவதா, பெட்டியைப் பெரிதாக்குவதா என்ற சண்டை ஒவ்வொரு வாங்குபவர் வீட்டிலும் நடப்பது இதனால்தான்.

இனி பக்கத் தகட்டைக் கழற்றுவோம். சாதாரண டவரில் கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டுக்குச் செங்குத்தாக, சுவரில் அடித்த அலமாரிப் பலகை போல நீட்டிக்கொண்டிருக்கும். பலகைக்கு மேலும் கீழும் காலி இடம், யாருக்கும் பயனில்லாமல். சாண்ட்விச் அமைப்பில் கார்டைப் பிடுங்கி மதர்போர்டின் முதுகுக்குப் பின்னால் படுக்கவைத்துவிடுகிறார்கள். நடுவே ஒரு தகடு, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டியபடி இருவர். இரண்டையும் இணைப்பது ரைசர் கேபிள் என்ற பட்டையான நாடா. டான் ஏ4 இந்த வகை. அதை நேராக நின்று பார்த்தால் ஒன்று புரியும்: சிபியு கூலரின் ஃபேன் இடப்பக்க ஜன்னலைப் பார்த்து மூச்சு விடுகிறது, கார்டின் ஃபேன்கள் வலப்பக்க ஜன்னலைப் பார்த்து. ஒருவர் விட்ட சூடான மூச்சை மற்றவர் இழுக்க வேண்டியதில்லை. பெரிய டவர்கள் பலவற்றில்கூட இந்த ஒழுங்கு கிடையாது. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் தோன்றிய மிக நேர்த்தியான யோசனை இது.

விலையும் உண்டு. டானில் கூலரின் உயரம் 48 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கோபுரம் போன்ற பெரிய கூலர்கள் 160 மி.மீ. வரை நிற்பவை, அவற்றை மறந்துவிட வேண்டியதுதான். ஃபிராக்டல் நிறுவனத்தின் டெரா (2023, 10.4 லிட்டர்) இதற்கு ஒரு வழி கண்டது. நடுத் தகட்டையே நகர்த்தலாம். இந்தப் பக்கம் தள்ளினால் கார்டு தடிமனாகலாம், அந்தப் பக்கம் தள்ளினால் கூலர் உயரலாம். பாகப்பிரிவினைக்குப் பிறகும் அண்ணன் தம்பி நடுச்சுவரைப் பேசித் தள்ளிவைத்துக்கொள்வது மாதிரி. முகப்பில் வால்நட் மரத்துண்டு பதித்திருக்கிறார்கள். படங்களில் எல்லோர் கண்ணும் மரத்தில்தான் நிற்கிறது. நான் சுவரைத்தான் பார்ப்பேன்.

ரைசர் கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் சாண்ட்விச்சின் பலவீனம் அங்கேதான். கார்டும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் பாதைக்கு பிசிஐஇ என்று பெயர். பழைய பிசிஐஇ 3.0 தலைமுறைக் கேபிளில் 4.0 கார்டைச் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கலாம், அல்லது நடுவில் தொங்கிப்போகலாம். பயாஸில் போய் வேகத்தை 3.0க்கு இறக்கினால் சரியாகிவிடும். பலர் கார்டைச் சந்தேகப்பட்டு நாட்களை வீணாக்குவார்கள். என்இசட்எக்ஸ்டியின் எச்1 பெட்டியில் ரைசரைப் பிடித்திருந்த இரும்பு ஸ்க்ரூ மின்பாதையைத் தொட்டு ஷார்ட் ஆகும் ஆபத்து இருந்ததால், 2021இல் பெட்டிகளையே திரும்பப் பெற்றார்கள். இடம் குறையக் குறைய ஒரு ஸ்க்ரூகூட முக்கியஸ்தன் ஆகிவிடுகிறது.

ரைசரே வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு பழைய வழிகள். ஒன்று ஷூ டப்பா அமைப்பு. சில்வர்ஸ்டோனின் எஸ்ஜி13 நல்ல எடுத்துக்காட்டு. 11.5 லிட்டர்தான், ஆனால் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸையே ஏற்கும். எப்படி? மதர்போர்டைத் தரையில் படுக்கவைத்து, எஸ்எம்பிஎஸ்ஸை அதன் தலைக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறார்கள். கூலருக்குக் கிடைப்பது 61 மி.மீ., தலைக்கு நேர் மேலே ஒரு சூடான இரும்புப் பெட்டி. அழகு என்று சொல்ல மாட்டேன், கெட்டிக்காரத்தனம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸை வைத்தே ஒப்பேற்ற நினைக்கும் மாணவனுக்கு இது போதும். இன்னொன்று டவரையே சுருக்குவது. 2013இல் இண்டிகோகோவில் பணம் திரட்டி வந்த என்கேஸ் எம்1 (12.6 லிட்டர்) இந்த வழியின் மூதாதை. எஸ்எம்பிஎஸ்ஸை முன்பக்கம் தள்ளியதால் 130 மி.மீ. கூலர் நுழைய இடம் பிறந்தது. மினி-ஐடிஎக்ஸைவிடப் பெரிய எம்-ஏடிஎக்ஸ் மதர்போர்டு, ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ், கோபுரக் கூலர், நீளக் கார்டு என்று எதையும் மாற்ற மனமில்லாத வீட்டுக்கு 2024இல் டானும் லியான் லியும் சேர்ந்து விட்ட ஏ3 இருக்கிறது. 26.3 லிட்டர். தீவிர ரசிகர்கள் “இதெல்லாம் சின்னதா?” என்று உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும்.

அடுத்து, விவரக்குறிப்பை வாசிப்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கே சூடு பட்ட இடம். அட்டைப்பெட்டியில் ‘கார்டு நீளம் 330 மி.மீ. வரை’ என்று ஒரு வரி இருக்கும். ‘முன்பக்கம் இரண்டு ஃபேன் பொருத்தலாம்’ என்று இன்னொரு வரி. இரண்டும் உண்மை. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை இல்லை. ஃபேன் 25 மி.மீ. தடிமன், அதை மாட்டிய கணமே கார்டின் எல்லை 305 ஆகிவிடும். நான் 309 மி.மீ. கார்டை வாங்கிக்கொண்டு வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த நான்கு மி.மீ.யோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். கடைசியில் கழன்றது ஃபேன்.

லிக்விட் கூலரிலும் இதே கதை. ‘240’ என்பது இரண்டு 120 மி.மீ. ஃபேன்களின் கூட்டல், ரேடியேட்டரின் நீளம் அல்ல. இருபக்கத் தொட்டிகளையும் சேர்த்தால் அது 275ஐத் தொடும். தடிமன் 27, அதன்மேல் ஃபேன் 25, ஆக 52 மி.மீ. சுவரே எழுப்பியாகிவிட்டது.

யாரும் கவனிக்காத அளவு, கார்டின் உயரம். நீளம் பார்ப்பார்கள், தடிமன் பார்ப்பார்கள். மதர்போர்டிலிருந்து எழும்பும் உயரத்தை மறந்துவிடுவார்கள். கார்டு 137 மி.மீ. என்றால் அதன் தலையில் மின்கேபிள் செருகி, அது வளைந்து திரும்பவும் இடம் வேண்டும். செருகிய இடத்திலேயே கேபிளை மடக்கினால் இணைப்பு தளர்ந்து சூடேறும். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளின் பிளக்குகள் உருகிய படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள், சரியாக உட்காராத பிளக் அதற்கு ஒரு காரணம். என்விடியா 2024இல் சின்னக் கேபினெட்டுகளுக்கு ஏற்ற கார்டு என்று ஒரு வரையறை கொடுத்தது: நீளம் 304, உயரம் 151, தடிமன் 50 மி.மீ.க்குள். அந்த 151இல் கேபிளின் வளைவும் சேர்த்தி. வளைவையும் ஒரு சாமானாக எண்ணியிருக்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது. எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் இப்படியே எண்ணுங்கள். 140 மி.மீ. பெட்டிக்குப் பின்னால் கேபிள் கொத்து திரும்ப இன்னொரு 30 மி.மீ.யாவது கேட்கும்.

சூடு. வெளிநாட்டு விமர்சகர்கள் 20, 21 டிகிரி அறையில் சோதிக்கிறார்கள். மே மாதம் ஏசி இல்லாத சென்னை அறை 35 டிகிரி. ஒரே வாட், ஒரே ஃபேன் வேகம் என்றால், அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி உள்ளேயும் ஏறும். அங்கே 78 காட்டிய கார்டு இங்கே 92 காட்டும், அல்லது அதற்கு முன்பே தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே விமர்சனத்தில் படித்த எண்ணோடு பதினான்கைக் கூட்டிக்கொண்டுதான் நான் முடிவெடுப்பேன். 350, 400 வாட் கார்டு வைத்திருப்பவருக்கு, ஏசி இல்லாத அறையில், பத்து லிட்டருக்குக் கீழே போகாதீர்கள் என்பது என் கட்சி. போயே தீருவேன் என்றால் கார்டின் மின் வரம்பைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். வேகத்தில் சிறிதுதான் போகும், சூட்டில் நிறையப் போகும்.

கண்ணாடிப் பக்கத்தகடு வைத்த சின்னக் கேபினெட்டுகளை எனக்குப் பிடிக்காது. சாண்ட்விச்சில் பக்கம்தான் மூக்கு. மூக்கில் கண்ணாடி ஒட்டினால் என்ன ஆகும்? துளைத் தகடுதான் சரி. அந்தத் துளைகளையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். உலோகம் மெலிந்து துளை பெருத்திருந்தால் காற்று தாராளம். துளைகள் அழகாக, ஆனால் சிக்கனமாக இருந்தால் ஃபேன் விசிலடிக்கும். தூசிக்குத் தனி வலை இருக்கிறதா, அதை ஸ்க்ரூ கழற்றாமல் எடுக்க முடியுமா என்பதும் நம் ஊருக்கு முக்கியம்.

காதாலும் ரசிக்கலாம். ஃபேன் துளைத் தகட்டை ஒட்டி நின்றால் ஒரு கரகரப்பு எழும், ஐந்து பத்து மி.மீ. தள்ளி நின்றால் அது வெறும் காற்றோசையாக அடங்கிவிடும். இரண்டு கூலர்களில் எதை வாங்கினாலும் பெட்டிக்குள் போகும் என்றால், உயரமானதை வாங்காமல் ஒரு மாற்றுக் குறைந்ததை வாங்கி அந்த இடைவெளியை விட்டுவைப்பவர் கைதேர்ந்தவர்.

வாங்கப் போகிறீர்களா? முதலில் பழைய அட்டைப்பெட்டியில் உங்கள் கார்டை அதே நீள அகலத்தில் வெட்டி, கேபிள் வளைவுக்குச் சேர்த்து ஒரு துண்டும் ஒட்டி எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடையில் பையிலிருந்து அட்டைக் கார்டை உருவினால் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். “இது போகுமாண்ணா?” என்று கேட்டால், “அதெல்லாம் தாராளமா போவும் சார்” என்று பதில் வரும். தகட்டைக் கழற்றச் சொல்லுங்கள். முன் ஃபேன் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அட்டையை உள்ளே வைத்துவிட்டு, அதற்கும் ஃபேனுக்கும் நடுவில் சுண்டு விரலை விடுங்கள். விரல் போனால் விலை பேசலாம்.