தேறல்: முதிர்ந்த மதுவின் சுவையும் சங்கப் பாடல்களும்

தேறல் என்பது சங்கப் பாடல்களில் தெளிந்த மதுவைக் குறிக்கும் சொல். ‘தேறு’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. கலங்கல் அடியில் தங்கிய பின் மேலே நிற்கும் தெளிவே தேறல். கள், நறவு, தோப்பி, மட்டு, பிழி என்று மதுவுக்கு வேறு சொற்களும் அப்பாடல்களில் உண்டு. தேறலுக்கு மட்டும் தெளிவு என்ற தரம் பெயரிலேயே அமைந்துள்ளது. முதிர்ந்த பிரெஞ்சுச் சிவப்பு ஒயினைப் பரிமாறுபவர் முதலில் கவனிப்பதும் இந்தத் தெளிவைத்தான். இந்த ஒற்றுமையைக் கொண்டு சங்கப் பாடல்கள் மதுவின் முதிர்வையும் சுவையையும் எவ்வாறு பார்த்தன என்பதை மதிப்பிடலாம்.

முதிர்ந்த ஒயினைச் சுவைக்கும் முறை

பிரான்சின் போர்தோ வட்டாரச் சிவப்பு ஒயின்களில் சிறந்தவை 10 முதல் 20 ஆண்டுகள் வரையும், சில அதற்கு மேலும் புட்டியில் முதிர்பவை. திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இளம் ஒயினில் நாவைப் பிடிக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல டானினும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து வண்டலாகப் படியும். அதனால் துவர்ப்பு மென்மையாகும். கருஞ்சிவப்பு நிறம் வெளிறிச் செங்கல் நிறத்தை நெருங்கும். பழ மணம் குறைந்து புகையிலை, பதனிட்ட தோல், தேவதாரு, காளான், ஈரமண் ஆகியவற்றின் மணங்கள் எழும்.

இத்தகைய புட்டியை முன்கூட்டியே நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் தங்க விடுவார்கள். பின் கலங்காமல் மெல்லச் சாய்த்து வேறொரு கண்ணாடிக் குடுவையில் இறுப்பார்கள். வண்டல் புட்டியின் கழுத்தை எட்டும்போது தெரிவதற்காகப் பின்னால் மெழுகுவர்த்தி வைப்பது பழைய வழக்கம். சுவைப்பவர் நிறத்தைப் பார்க்கிறார், முகர்கிறார், ஒரு மிடறு வாயில் வைத்துச் சுழற்றுகிறார், விழுங்கிய பின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிக்கிறார். கடைசியாக ஒப்பிடுகிறார். 1855 இல் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ சிவப்பு ஒயின்கள் ஐந்து தரங்களாக வகுக்கப்பட்டன. அந்த வரிசை இன்றும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. 1973 இல் ஷாட்டோ மூட்டோன் ரோத்ஷில்ட் இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டதே அதில் நிகழ்ந்த பெரிய மாற்றம்.

பாடல்கள் பதிவு செய்யும் குணங்கள்

சங்கப் பாடல்கள் தேறலின் நான்கு குணங்களைச் சொல்கின்றன: தெளிவு, முதிர்வு, கடுப்பு, மணம். முதிர்வைக் குறிக்க ‘நாட்படு’ என்ற அடை வருகிறது. நாள் பல கடந்தது என்பது பொருள். ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய புறநானூறு 392 ஆம் பாடல் இந்த அடையையும் தேள் கடுப்பு என்ற உவமையையும் சேர்த்தே சொல்கிறது. சிறுபாணாற்றுப்படையிலும் புறநானூறு 376 இலும் தேறலின் வேகத்துக்குச் சினந்த பாம்பு உவமையாகிறது. அகநானூறு 348 பலாவும் மாவும் தேனும் சேர்த்து மூங்கிற் குழாயில் முதிர வைத்த மதுவைச் சொல்கிறது. அதைக் குடித்த குறவர் தினைப்புனக் காவலை மறக்கிறார்கள். யானைகள் தினையைக் கவர்ந்துவிடுகின்றன.

தேளும் பாம்பும் வெறும் மிகைப்படுத்தல்கள் அல்ல. தேள் கொட்டினால் கடுப்பு ஓரிடத்தில் தொடங்கி மேலே ஏறும். தேறலும் நாவில் பட்டு உடலெங்கும் பரவுகிறது. ஒயின் சுவைஞர் விழுங்கிய பின் நிற்கும் சுவையை அளப்பதுபோல் இந்த உவமையும் காலத்தை அளக்கிறது. ஆனால் அளக்கப்படும் பொருள் வேறு. முதிர்வினால் மென்மை கூடுவதை ஒயின் சுவைஞர் பாராட்டுகிறார். முதிர்வினால் வேகம் கூடுவதைப் புலவர் பாராட்டுகிறார்.

இந்த வேறுபாட்டுக்குப் பொருளியல் காரணமும் உண்டு. பனங்கள்ளும் தென்னங்கள்ளும் இறக்கிய சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கி, ஓரிரு நாளில் காடியை நோக்கிச் செல்லும். தேன் சேர்ந்த மது அதைவிட நெடுநாள் தாங்கும். ஆகவே ‘நாட்படு’ என்பதைப் பத்து, இருபது ஆண்டு முதிர்வாகக் கொள்ள இடமில்லை. கெடும் இயல்புள்ள பொருளை ஒருவர் கெடாமல் காத்து வைத்திருந்தார் என்ற பாராட்டும் அச்சொல்லில் அடங்கியிருக்கிறது.

யவனர் மது

அயல்நாட்டு மதுவை நேரடியாகச் சொல்லும் பாடல் புறநானூறு 56. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடியது. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலை மகளிர் நாள்தோறும் பொற்கலத்தில் ஏந்தித் தர, அரசன் மகிழ்ந்திருக்க வேண்டும் என்று அது வாழ்த்துகிறது. அங்கு வரும் ‘கலம்’ என்ற சொல்லைக் குப்பி என்றும் கொள்ளலாம், மரக்கலம் என்றும் கொள்ளலாம்.

புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945 இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் இருகாதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், கிரேக்கத்தின் கோஸ் தீவு வகைச் சாடிகள் அவற்றில் கணிசமாக உள்ளதைக் காட்டினார். முன்பு ஒயின் சாடிகளாக எண்ணப்பட்ட சில ஓடுகள் மெசொப்பொத்தேமியச் சாடிகளுடையவை என்பதைப் பின்னர் ராபர்ட்டா டாம்பர் தெளிவுபடுத்தினார்.

கோஸ் வகை ஒயினில் கடல்நீர் சேர்ப்பது வழக்கம். அதன் செய்முறையை ரோமானிய எழுத்தாளர் கேட்டோ எழுதி வைத்திருக்கிறார். சாடிகளின் உட்புறத்தில் கீல் பூசுவதும் உண்டு. ஆகவே தமிழகம் வந்து சேர்ந்த ஒயினில் உப்பும் கீல் மணமும் இருந்திருக்கக்கூடும். நக்கீரர் மணத்தையும் குளிர்ச்சியையும் மட்டும் சொல்கிறார், துவர்ப்பையோ உப்பையோ சொல்லவில்லை. உள்ளூர்த் தேறலுக்குக் கிடைத்த தேளும் பாம்பும் போன்ற கூர்மையான உவமை ஒன்றும் யவனர் மதுவுக்கு இப்பாடலில் கிடைக்கவில்லை. வந்த இடமும் ஏந்திய பொன்னுமே அதன் சிறப்புகள். பாடநூல்களில் இப்பாடல் பெரும்பாலும் கடல் வணிகத்துக்குச் சான்றாக மட்டும் காட்டப்படுகிறது. சுவை பற்றிய பாடலாகப் படித்தால் இது வாழ்த்து மரபில் நின்று பேசுவது தெரியும்.

சுவைச் சொற்களும் திண்டுக்கல் வட்டாரமும்

ஒயின் பற்றித் தமிழில் எழுதுவோர் ஐரோப்பியக் குறிப்புகளை அப்படியே பெயர்ப்பதுண்டு. கருந்திராட்சை வத்தல், தேவதாரு, நிலக்காளான் என்று அடுக்கும்போது முகர்ந்தறியாத வாசகருக்கு அவை வெறும் பெயர்கள். இது தமிழின் குறை அல்ல. திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி செல்லும் சமவெளியை எடுத்துக்கொண்டால், முதிர்ந்த போர்தோவின் இரு முதன்மை மணங்கள் அங்கே அன்றாட மணங்கள். திண்டுக்கல் சுருட்டுக்கும் தோல் பதனிடுதலுக்கும் பெயர் பெற்றது. வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டானின் என்ற பெயரே தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்தது. தமிழகத்தில் அத்தொழிலுக்குப் பயன்பட்ட ஆவாரம்பட்டையின் துவர்ப்பும் அதே வகைப் பொருளால் ஆனது.

துவர்ப்பைத் தனிச் சுவையாக அறுசுவையில் வைத்த மொழி தமிழ். நாவறிவியல் அடிப்படைச் சுவைகளில் துவர்ப்பைச் சேர்ப்பதில்லை, வாயில் உணரப்படும் தொடு உணர்வாகவே கொள்கிறது. பாக்கு, நாவற்பழம், வாழைப்பூ என்று துவர்ப்பின் படிகளைப் பிரித்தறியும் நாவுக்கு இளம் ஒயினுக்கும் முதிர்ந்த ஒயினுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல அயல் சொல் தேவையில்லை. கொடைரோடு பகுதியில் விளையும் பன்னீர் திராட்சையைத் தோலோடு மென்றாலே டானின் இன்னதென்று புரியும்.

மதிப்பீடு

சங்கப் பாடல்களில் மதுவைச் சுவைக்கும் கூர்மை உண்டு. மதுவைத் தரப்படுத்தும் எண்ணம் இல்லை. எந்த ஊர்த் தேறல் உயர்ந்தது என்ற ஒப்பீட்டில் அப்புலவர்கள் அக்கறை காட்டவில்லை. அவர்கள் ஒப்பிட்டது கொடுப்பவர்களை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூறு 235, மது குறைவாகக் கிடைத்தபோதும் மிகுதியாகக் கிடைத்தபோதும் அவன் எப்படிப் பகிர்ந்தான் என்பதை நினைவுகூர்கிறது. அங்கு மதுவின் அளவு சொல்லப்படுகிறது, சுவை சொல்லப்படவில்லை. நக்கீரரின் அரசனோ தனியே பருகுகிறான். சுவையின் உயரத்தைத் தேடுபவருக்கு 56 ஆம் பாடல் பெரிதாகத் தோன்றலாம். ஆனால் மனத்தில் நிற்பது 235 தான்.

திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் மதுவை இழிவாக்கிய பின், பிற்கால வாசிப்பு இப்பாடல்களைக் கூச்சத்தோடு அணுகியது. இன்று மறுமுனையில், யவனர் ஒயினைப் பழந்தமிழர் செல்வத்தின் பெருமைச் சின்னமாக்கும் போக்கு இருக்கிறது. இரண்டும் பாடலைச் சுவைக்கத் தடை. மதுவின் தீமையை அறிந்திருப்பது வேறு, அதைப் பாடிய சொல்லின் நுட்பத்தை இழப்பது வேறு. முதிர்ந்த புட்டியை அவசரமாகக் கவிழ்த்தால் வண்டலும் சேர்ந்தே விழும். தேறல் என்ற சொல் கேட்கும் பொறுமை வாசிப்புக்கும் பொருந்தும்.