ஸ்டாண்டர்டு ஹெரால்டு: பானட்டைத் திறந்தால் கூட்டம்

மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நசுங்கிய பானட், பூட்டு சிக்கிய பானட், கேபிள் அறுந்து நெம்பித் திறந்த பானட் என்று என் பிழைப்பே பானட்டைச் சுற்றித்தான் ஓடியது. அந்த உரிமையில் சொல்கிறேன்: இந்த நாட்டில் ஓடிய கார்களில் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு வாய்த்த பானட் வேறெதற்கும் வாய்க்கவில்லை.

கார் என்னுடையது அல்ல. எங்கள் பழைய கார்க் கூட்டத்து நண்பர் ஒருவர் மகளோடு சில மாதம் இருந்துவிட்டு வர அமெரிக்கா போயிருக்கிறார். கிளம்பும்போது தன் ஹெரால்டு மார்க் 3-இன் சாவியைக் கொடுத்து, "சும்மா நிறுத்தி வெச்சா செத்துப்போயிடும் சார், ஓட்டிக்கிட்டே இருங்க" என்றார். பொங்கலுக்கு வந்த வண்டி, பங்குனி வெயில் ஏறிய பிறகும் சிறுசேரியில் என் பார்க்கிங்கில்தான் நிற்கிறது. 948 சிசி, நாலு கியர், மார்க் 3 என்பதால் நாலு கதவு. இதெல்லாம் தெரிந்த சங்கதிகள். அறுபதைத் தாண்டினால் பக்கத்து சீட்டுக்காரர் பேசுவது காதில் விழாது, அவ்வளவுதான்.

பானட்டுக்கு வருவோம். மற்ற கார்களில் பானட் என்பது மூடி. இதில் காரின் முன்பாதி முழுவதுமே பானட். மட்கார்டு, ஹெட்லைட், கிரில் எல்லாம் அதோடு சேர்ந்தே எழும். முன்சக்கரத்துக்குப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கிகள். இரண்டையும் விடுவித்து, விளிம்பைப் பிடித்துத் தூக்கினால், மொத்தமும் பம்பர் பக்கமாக முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும். எஞ்சின், ரேடியேட்டர், ஸ்டீயரிங் ராடு, ஷாக் அப்சார்பர், இரண்டு சக்கரங்கள், எல்லாமே வெட்டவெளியில். டயர்மேலேயே உட்கார்ந்துகொண்டு பிளக்கைக் கழற்றலாம். குனிய வேண்டியதில்லை, முதுகு பிடிக்காது. எழுபதை நெருங்குகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த அமைப்பு பிறந்ததே ஒரு நெருக்கடியில். 1950-களில் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ, போட்டியாளரான பிஎம்சியின் கைக்குப் போய்விட்டது. முழு பாடியை ஒரே கூடாக அடித்துத் தர ஆள் இல்லை. சரி, துண்டு துண்டாகச் செய்து தனி சேஸிஸ்மேல் போல்ட் போட்டு முறுக்கிவிடுவோம் என்று இறங்கினார்கள். இத்தாலியின் மிகெலோட்டி உருவம் வரைந்தார். 1959-இல் ஹெரால்டு வெளிவந்தது. பெரிய பிரஸ் இல்லாத ஊரிலும் பூட்டிவிடலாம் என்கிற இந்த வசதி இந்தியாவுக்கு நன்றாகப் பொருந்தியது. 1961 முதல் நம்மூரிலேயே தயாரானது. அம்பாசடர் வங்காளத்து உத்தரபாராவில் இருந்து வந்தது, ஃபியட் பம்பாயில் இருந்து. ஹெரால்டு மட்டும்தான் மெட்ராஸ் கார்.

இன்னும் சரியாகச் சொன்னால் வண்டலூர்க் கார். ஜி.எஸ்.டி. ரோட்டில், பெருங்களத்தூரை ஒட்டி இருந்தது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை. இப்போது அந்த இடத்தில் ஐ.டி. பார்க்கும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. கேளம்பாக்கம் போய் வண்டலூர் ரோட்டைப் பிடித்து, புதுப்பாக்கம், மாம்பாக்கம், கண்டிகை வழியாகப் போனால் இருபது கிலோமீட்டர் சொச்சம். போன மாதம் ஒரு காலையில் காரை அங்கே ஓட்டிப்போனேன். வாசல் செக்யூரிட்டித் தம்பி, "யாரைப் பார்க்கணும் சார்?" என்றார். இவனைத்தான் ஊருக்குக் கூட்டிவந்தேன் என்று காரைக் காட்டியிருக்கலாம். யூ டர்ன் போட்டுத் திரும்பிவிட்டேன். யூ டர்ன் என்றதும் சொல்லியாக வேண்டும்: 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டமும் அடித்துவிடும் கார் இது. ஆட்டோக்காரர்களே திரும்பிப் பார்க்கிறார்கள்.

எங்கள் குடியிருப்பில் பாதிப்பேர் சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்யும் இளைஞர்கள். லிஃப்டில் பார்த்தால் போனைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள். ஒரு சனிக்கிழமை பாயிண்ட் கேப் சரிபார்க்க பானட்டைச் சாய்த்தேன். முதலில் ஒரு குழந்தை வந்தது, பின்னாலேயே அதன் அப்பா. "அங்கிள், ஆக்சிடென்ட்டா?" என்று பதறிக்கொண்டு இன்னொருவர். பத்து நிமிடத்தில் ஏழெட்டுப் பேர். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட் திறந்து மூடுவதைக் கையால் சுற்றிக் காட்டினேன். ஒருவர் டார்ச் பிடித்தார், ஒருவர் ஃபீலர் கேஜ் பிடித்தார். அடுத்த சனிக்கிழமை நான் இறங்கி வருவதற்குள் பழைய துணியோடு மூன்று பேர் காத்திருந்தார்கள். என் சொந்தக் காரின் பானட்டை எத்தனையோ தரம் திறந்திருக்கிறேன், ஒருவர் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்தால்தான் என்ன தெரியும்? எஞ்சின்மேல் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. கைக்கு எட்டுவது வைப்பர் தண்ணீர் ஊற்றும் வாய் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைக் கதை வேறு. விடிகாலையில் கோவளம் போய், ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புவது எங்கள் கூட்டத்தின் வழக்கம். மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் கண்காட்சிகளில் மினுமினுக்கிற வண்டிகளோடு எங்களைச் சேர்த்து நினைக்காதீர்கள். எங்களிடம் இருப்பவை அழுக்கோடு ஓடுகிற வண்டிகள். அம்பாசடர் வைத்திருப்பவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஃபியட் வைத்திருப்பவர் பல் டாக்டர். ஒருவரிடம் காரே கிடையாது. வண்டலூர் தொழிற்சாலையில் அசெம்பிளியில் வேலை பார்த்தவர், யார் காரில் இடம் இருக்கிறதோ அதில் ஏறிக்கொள்வார். ஆனால் டீக்கடையில் நிறுத்திய மறுநிமிடம் எல்லோருக்கும் அவர்தான் வாத்தியார்.

முன்சக்கரத்தின் அடியில் ட்ரன்னியன் என்று ஒரு உருப்படி இருக்கிறது. ஸ்டீயரிங் திரும்பும்போது அதன் மரைக்குள் தண்டு சுழலும். அதில் கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் இறுகிவிடும், தண்ணீர் புகும், துரு தின்னும், ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடிந்துவிடும். உலகம் முழுக்க ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு இது பாலபாடம். எங்கள் தலைமையாசிரியர் மட்டும், நிப்பிள் இருக்கிற இடத்தில் கிரீஸ் அடிப்பதுதான் முறை என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டயர்மேல் உட்கார்ந்து ஆயில் கன்னைப் பிடித்திருந்த வாத்தியார் நிமிர்ந்து, "சார், நீங்க கணக்குப் போட்ட காலத்துல நாங்க காரைப் பூட்டிக்கினு இருந்தோம்" என்றார். பிறகு டீ ஆறும்வரை சண்டை. சாய்ந்த பானட்டின் உள்பக்க விளிம்பில்தான் இரண்டு பேரும் டம்ளரை வைத்திருந்தார்கள். அம்பாசடரின் பானட்டுக்கு அடியில் இரண்டு தலை நுழைந்தால் மூன்றாவது ஆள் வெளியே நின்று கதைதான் கேட்க வேண்டும். இதில் நாலு பேரும் நாலு பக்கம் நின்று ஒரே எஞ்சினைப் பற்றிச் சண்டை போடலாம்.

குறை இல்லாமல் இல்லை. பானட் முன்பக்கம் சாய்வதால் சுவரைப் பார்த்து மூக்கை நிறுத்தினால் திறக்கவே முடியாது. எப்போதும் ரிவர்ஸில்தான் பார்க்கிங்கில் ஏற்ற வேண்டும். இரண்டு கொக்கிகளில் ஒன்று சரியாக விழாவிட்டால் தையூர் தாண்டுவதற்குள் முன்பாதி தடதடக்கத் தொடங்கும். கேளம்பாக்கம் உப்பளக் காற்று வேறு. வாங்க நினைப்பவர்கள் பெயின்டைப் பார்த்து மயங்காமல், படுத்து சேஸிஸைப் பாருங்கள். பளபளப்பு எல்லாம் மேலேதான், துரு அடியில் இருக்கும்.

பின்பக்க ஸ்விங் ஆக்சிலைப் பற்றி ஒரு வார்த்தை. குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங், அதில் தொங்கும் இரண்டு பின்சக்கரங்கள். ஆளும் மூட்டையும் ஏற்றினால் சக்கரங்கள் காலை அகட்டிக்கொள்ளும், டயர் உள்பக்கமாகத் தேயும். கல்யாண வீட்டுக்கு எட்டுப் பேர் ஏறுகிற நாட்டில் இது எடுபடவில்லை. மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. எழுபதுகளில் வந்த கேஸல் மாடலில் இதை எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்சிலைப் போட்டார்கள். அதுவும் ஓடவில்லை. கடைசியாக 1985-இல் ரோவர் உடம்பில் பழைய எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று கொண்டுவந்தார்கள். 1988-இல் கடை கட்டியாயிற்று. அந்தப் பணத்தில் ஹெரால்டையே ஒழுங்காக மேம்படுத்தியிருக்கலாமே என்ற ஆற்றாமை எங்கள் வாத்தியாருக்கு இன்றும் உண்டு. எனக்கும்தான்.

வெயில், அந்தக் காலத்துக் கார்கள் எல்லாவற்றுக்கும் எமன். மாதவரத்தில் இருந்து சிப்காட் வரும் மெட்ரோவுக்காக ஓ.எம்.ஆரைக் குறுக்கி வைத்திருக்கிறார்கள். நாவலூரில் ஊர்ந்துகொண்டு இருக்கும்போது, எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்ப் சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி, வண்டி நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்ப்மேல் போட்டுக் கால்மணி நேரம் காத்திருப்பதுதான் மருந்து. இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் குழாய்களும் பம்ப் டயாஃப்ரமும் இளகிப்போகின்றன. எத்தனால் தாங்கும் குழாயாகப் பார்த்து மாற்றிவிடுங்கள், செலவு பெரிதல்ல.

கொஞ்சம் யோசிக்க வேண்டியது பதிவு விஷயம். 2021-இல் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், புதிதாகக் கொடுக்கும் நம்பரில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் அதற்குப் பிறகு தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் இறங்கலாம். ஊர் திரும்பியதும் விண்டேஜுக்கு மாற்றிவிடலாமா என்று அமெரிக்காவில் இருந்து நண்பர் கேட்கிறார். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை டீ என்னாவது என்று பல் டாக்டர் கவலைப்பட்டார். தலைமையாசிரியர் விதியை இரண்டு முறை படித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: பானட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு குடித்தால் அது பராமரிப்பில்தான் சேரும்.